பூசாத சுவரும் கொல்லிமலையும்

போன மாதம் கொல்லிமலையைத் தூக்கி ஓர் ஆள் உயரம் மேலே வைத்தேன்.

சிரிக்காதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். இந்த வயதில் சாரத்தில் ஏறி நின்று செய்த வேலை. அன்றிலிருந்து முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் சீனரி வரைகிறவள் நான். லாரியின் பின்கதவில் மலை, ஏரி, தென்னைமரம், பறக்கிற கொக்கு எல்லாம் பார்த்திருப்பீர்களே... அதில் நான் போட்டதும் இருக்கும். ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதுவதற்கு வேறு ஆள். எழுத்து என் வேலை இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. இதையும் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பத்திரிகை ஆபீஸில் திருத்திக்கொள்வார்கள். விஷயத்தை மட்டும் யாரும் திருத்தக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெருமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் எந்தப் பட்டறை வாசலிலும் போய் வேலை கேட்டு நின்றதில்லை. லாரிக்காரர்கள்தான் என் வாசலுக்கு வருவார்கள். யாரிடமாவது ஒன்றைக் கேட்க வேண்டும் என்றால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து பாவாயி என்று ஒரு பெண் வந்தாள். நடுத்தர வயது தாண்டியவள். பஸ்ஸில் வந்த களைப்பு. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்க்கா, லாரிக்குப் போடற சீனரி... ஊட்டுக்குப் போட்டுத் தருவீங்களா?”

“ஊட்டுக்குன்னா? செவுத்துலயா?”

“பலகைல போட்டாப் போதுமுங்க. ஜன்னலை மூடற அளவுக்கு.”

“ஜன்னலை எதுக்கு அம்மிணி மூடற? காத்துக்கு எங்க போவ?”

 டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்.

அவள் வீட்டுக்காரர் பொன்னுசாமி. புளி உலுக்க மரத்தில் ஏறியவர் விழுந்துவிட்டார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கட்டிலோடு கிடக்கிறார். டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியது ஒன்றுதான் — ஒரே பக்கமாகப் படுக்க விடாதே, அடிக்கடி திருப்பிப் போடு, இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும்.

மனுஷன் திரும்ப மாட்டேன் என்கிறார்.

ஏன்? திரும்பினால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே தம்பி வீட்டுச் சுவர்.

“திருப்பிப் போட்டா கண்ணை இறுக்கி மூடிக்கறாருங்க. செத்த நேரத்துல ‘என்னைய இக்கட்டால திருப்பி உடு’ன்னு ஒரே சத்தம். ஒரு பக்கமாவே கெடந்து கெடந்து இடுப்புல புண்ணு வந்துருச்சுங்க்கா. அந்தச் செவுரு தெரியாம, உங்க மலை தெரிஞ்சா... திரும்பிப் படுப்பாரோ என்னமோன்னுதான் வந்தேன்.”

அந்த ஜன்னலில் முன்பு கொல்லிமலை தெரியுமாம். முழுசாக. பொன்னுசாமி சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் மலையைப் பார்ப்பார். மலை மேகத்தை முக்காடு மாதிரி முட்டாக்குப் போட்டிருந்தால், மழை வரும் என்று அன்றைக்கு வெங்காயம் பிடுங்க ஆள் சொல்ல மாட்டார்.

பாகம் பிரித்தபோது கிழக்குப் பக்கத்து இடம் தம்பி ராசுவுக்குப் போனது. அவன் மாடி வீடு கட்ட அஸ்திவாரம் போட்டான். “கொஞ்சம் தெக்கால தள்ளிக் கட்டு ராசு, மலை மறைக்குது” என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். “மலையப் பாத்துட்டிருந்தா சோறு வெந்துருமா?” என்று தம்பி கேட்டுவிட்டான்.

வாய் தவறி வந்ததா, வேண்டுமென்றே சொன்னதா... யாருக்குத் தெரியும்? அதோடு பேச்சு நின்றது. புதுவீடு புகுந்த விசேஷத்துக்கு அண்ணன் போகவில்லை. ஆனால் அண்ணன் மரத்திலிருந்து விழுந்த அன்று தூக்கிக்கொண்டு ஓடியது ராசுதான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனவன், உள்ளே போகாமல் வெளியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டான்.

சரி, பலகை தானே? போட்டேன். லாரிக்குப் போடுவதைவிடக் கவனமாகவே போட்டேன். மலை, நடுவில் சூரியன், கீழே ஏரி, ஏரியில் ஒரு படகு. என் கைக்கு அதெல்லாம் பாடம். வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஜன்னலில் நிறுத்தினோம். பொன்னுசாமியைத் திருப்பிப் படுக்க வைத்தாள் பாவாயி.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

“இது எந்த ஊரு மலைங்க அம்மிணி?”

“கொல்லிமலைதானுங்க.”

“கொல்லிமலையா! மூணு கூம்பு நிக்குது. சூரியன் மொட்டைத் தலையாட்டம் எட்டிப் பாக்குது. நம்மூரு வெங்காயக் காட்டுக்குள்ள ஆருங்க படகு உட்டது?”

பாவாயி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை காலம் மலை போடுகிறேன். இந்தியா முழுக்க ஓடுகிற மலைகள். ஒரு டிரைவர்கூட இப்படிக் கேட்டதில்லை.

ஆனால் அவர் சொன்னதில் என்ன தப்பு? நீங்களே ஒரு மலையை வரைந்து பாருங்கள். முக்கோணம்தானே போடுவீர்கள்? மூன்று முக்கோணம், இடுக்கில் சூரியன், இரண்டு குருவி. கொல்லிமலையில் ஒரு முக்கோணம்கூடக் கிடையாது. எருமை படுத்துக் கிடக்கிற மாதிரி நீளமாகக் கிடக்கும். மேலே சப்பை. பக்கவாட்டில் மடிப்பு மடிப்பாக இறங்கும். தினமும் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே போகிறோம். வீட்டுக்கு வந்து கை வரைவது மட்டும் எங்கேயோ இருக்கிற மலையை!

அதோடு பலகை வைத்ததும் அறை இருட்டிவிட்டது. காற்றும் நின்றுவிட்டது.

“மலையுமில்ல, காத்துமில்ல” என்றார் பொன்னுசாமி.

“எடு பாவாயி பலகைய” என்று நானே சொன்னேன்.

பலகை போனதும் அந்தச் சுவர் தெரிந்தது. பொன்னுசாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பூசாத செங்கல் சுவர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் பிதுங்கிய கலவை அப்படியே காய்ந்து தொங்கியது. சாரம் கட்டிய ஓட்டைகளைக்கூட அடைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பது யாருக்குமே கஷ்டம்தான்.

நம் பக்கத்தில் இந்த மாதிரி வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் டைல்ஸ், கிரானைட், கண்ணைப் பறிக்கிற பெயின்ட். பக்கத்துச் சுவர் மட்டும் வெறும் செங்கல். காசு தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். பாதி வீடுகளில் காரணம் அது இல்லை. அந்தப் பக்கம் பூச வேண்டும் என்றால் சாரக் கால்களைப் பக்கத்து வீட்டுக்காரர் இடத்தில்தான் நட வேண்டும். பேச்சுவார்த்தை இருந்தால் நடலாம். இல்லையென்றால்? சுவர் அப்படியே நிற்கும். எந்த ஊருக்குப் போனாலும் பக்கத்துச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்து போங்கள்... யார் யாரோடு பேசுவதில்லை என்று யாரையும் விசாரிக்காமலே தெரிந்துவிடும்.

“அந்தச் செவுத்துலயே மலை போட்டா என்னங்க?” என்றேன்.

பொன்னுசாமி கண்ணைத் திறந்தார்.

“அவன் செவுத்துலயா? நான் போயி அவனைக் கேக்கோணுமா? என்னையச் சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பறம் பாத்துக்கலாம்.”

“மலை வேண்டாங்கறீங்களா?”

 “மலைய ஆரு வேண்டாம்னா?” என்றார், சுவரைப் பார்க்காமல்.

நான் சுற்றிக்கொண்டு ராசு வீட்டுக்குப் போனேன். நல்ல மனுஷன். “வாங்க்கா, உக்காருங்க” என்று ஃபேனைப் போட்டான். விஷயத்தை ஆரம்பிப்பதற்குள் அவனே என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப் போனான். பெயின்டர் வந்திருக்கிறாள், காட்டலாம் என்று நினைத்திருப்பான். அண்ணன் பக்கத்துச் சுவரின் உள்பக்கம் முழுக்க ஓதம். மழைத் தண்ணீர் செங்கல்லில் இறங்கி, பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது.

“வெளிய பூசாம உள்ள என்ன பெயின்ட் அடிச்சாலும் நிக்காது ராசு.”

“தெரியுதுங்க்கா. பூசோணும்னா அவரு எடத்துல சாரம் கட்டோணும். அவரைக் கேக்கோணும். ஊடு கட்டறப்பவே அவரு பேச்சக் கேக்கல... இப்ப எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போயிக் கேக்கறதுங்க?”

பாருங்கள் வேடிக்கையை. சுவர் இவனுடையது. அது நனைந்து இவன் வீட்டுக்குள் அழுகிறது. இடம் அவருடையது. அங்கே அவர் உடம்பு புண்ணாகிறது. இவனுக்கு அவர் இடம் வேண்டும். அவருக்கு இவன் சுவர் வேண்டும். கேட்க மட்டும் ஆள் இல்லை.

யார் கேட்பது? சுற்றுமுற்றும் பார்த்தேன். நான்தான் இருந்தேன்.

நாக்கு ஒட்டத்தான் செய்தது. இருந்தாலும் கேட்டேன்.

“ராசு, எனக்கு ஒரு செவுரு வேணும். மலை போடறதுக்கு. வெறுங்கல்லுல பெயின்ட் நிக்காது. பூசித் தா.”

“ஆருக்குங்க்கா மலை?”

“நான் கேக்கறேன். எனக்குத்தான்.”

அவன் என்னைப் பார்த்தான். ஜன்னல் வழியாக அண்ணன் வீட்டு ஓட்டுக்கூரையைப் பார்த்தான்.

“உங்களுக்குன்னா பூசித் தாரனுங்க்கா. அவருக்குன்னு நெனச்சுக்காதீங்க.”

திரும்பவும் சுற்றிக்கொண்டு பொன்னுசாமியிடம் வந்தேன். “எனக்குச் சாரம் கட்ட உங்க வாசல்ல எடம் வேணுமுங்க.”

“ஆருக்கு?”

“எனக்குங்க.”

“உங்களுக்குன்னா கட்டிக்குங்க அம்மிணி. அவனுக்குன்னா இல்ல.”

இரண்டு பேரும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கொத்தனார் வந்தார். பாவாயியின் கறிவேப்பிலைச் செடியை ஒட்டிச் சாரக் கால்கள் நின்றன. பூச்சு வேலை ஆரம்பித்த அன்றே பாவாயி போன் பண்ணினாள். குரல் கிசுகிசுத்தது.

“அக்கா, திரும்பிட்டாருங்க!”

“அதுக்குள்ளயா? இன்னும் மலையே போடலையே?”

“கலவைல சிமென்ட் பத்தாதாம். கொத்தனாரு கரண்டி புடிக்கறது செரியில்லையாம். திருப்பிப் போடுன்னு அவரே சொல்லி, பாத்துட்டுக் கெடக்கறாருங்க. வைதுட்டே இருக்கறாரு.”

குறை கண்டுபிடிக்கிற ஆசைக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்! டாக்டரால் திருப்ப முடியாத உடம்பை அது திருப்பிவிட்டது.

பூச்சு காய்கிறவரை தண்ணீர் விட வேண்டுமே? பாவாயிதான் காலையிலும் சாயங்காலமும் தன் வீட்டுக் குழாயிலிருந்து ஓஸ் பிடித்தாள். தம்பி சுவர் அண்ணன் வீட்டுத் தண்ணீரைக் குடித்தது.

அந்த நாட்களில் நான் சில நாள் விடியலிலும், மற்ற நாள் சாயங்காலத்திலும் சேந்தமங்கலம் போய், வெங்காயக் காட்டு வரப்பில் உட்கார்ந்து மலையைப் பார்த்தேன். எதுவும் வரையவில்லை. சும்மா பார்த்தேன். காலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மலை ஒரே நீலத் துணி மாதிரி மடிப்பில்லாமல் தொங்கும். பொழுது மேற்கே சாய்ந்த பிறகுதான் முகத்தைக் காட்டும். ஒவ்வொரு மடிப்பாக, ஒவ்வொரு பள்ளமாகத் தெரியும். கடைசியில் கொஞ்ச நேரம் சிவப்புத் தூக்கலாக நின்றுவிட்டு அணைந்துபோகும். நான் சூரியனை மலைக்கு நடுவிலேயே உட்கார வைத்துப் பழகியவள். சூரியன் எதிரே நின்றால்தான் மலை தெரியும் என்று அந்த வரப்பில் புரிந்தது.

சுவர் காய்ந்ததும் கரித்துண்டு எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். லாரிக்குப் போடுகிற மாதிரி வாசலில் நின்றபடி, என் கண் உயரத்துக்குப் போட்டேன். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. திருப்தியாக இருந்தது.

“தெரியுதுங்களா?” என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன்.

“ஆகாசந்தான் தெரியுது. மலை முங்கிப் போச்சு!”

உள்ளே ஓடிப்போய், கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் தலைக்குச் சமமாக என் தலையை வைத்துப் பார்த்தேன். ஆமாம். நான் போட்ட மலை முழுக்க ஜன்னல் கட்டைக்குக் கீழே போய்விட்டது. படுத்திருக்கிறவருக்கு ஜன்னல் வழியாகச் சுவரின் மேல்பாதிதான் தெரிகிறது. லாரியை எல்லோரும் நின்றுகொண்டு பார்ப்பார்கள். படுத்திருக்கிற மனுஷனுக்கு நான் எப்போது படம் போட்டேன்?

மலையைத் தூக்க வேண்டும். வேறு வழியில்லை.

சாரத்தில் ஏறினேன். அங்கே இன்னொரு சங்கடம். மூக்குக்கு நேரே சுவர். கோடு எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. பொன்னுசாமி உள்ளிருந்து சொல்ல, பாவாயி ஜன்னலில் நின்று கத்த, நான் இழுத்து இழுத்து அழித்துக்கொண்டிருந்தேன்.

ராசு தன் இடத்து எல்லையில் நின்று ரொம்ப நேரமாகத் தண்ணீர்க் குழாயைப் பரிசோதித்துக்கொண்டிருந்தான். அதில் பரிசோதிக்க ஒன்றுமே இல்லை. கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

“எறங்குங்க்கா. நீங்க உழுந்து வெச்சீங்கன்னா அந்தப் பழியும் என் தலைலதான் விடியும்.”

கரித்துண்டை வாங்கிக்கொண்டு ஏறினான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. முதுகைப் பார்த்தால் தம்பி யார் என்று தெரியாதா? பாவாயி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். காரியம் கெட்டது என்றே நினைத்தேன்.

“அக்கட்டால போ” என்றது உள்ளே இருந்து குரல்.

கரி நகர்ந்தது.

“அதுக்கு மேல தூக்காத. அங்க மலை சப்பையா ஓடும்.”

“சப்பையாத்தான ஓட்டறேன்?”

“எங்க ஓட்டற? கோணயாப் போகுது. அப்பறம் ஒரு எறக்கம். எறக்கத்துல பாறை ஒண்ணு நீட்டிட்டு நிக்கும்.”

“பாறை எறக்கத்துல இல்ல. அதுக்கு இக்கட்டால.”

“டேய்! இந்த ஜன்னல்ல நான் வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து பாத்துட்டு இருக்கறேன்டா.”

“நானென்ன பக்கத்து ஊர்லயா பொறந்தேன்? நானும் இதே ஜன்னல்லதானுங்ண்ணா பாத்தேன்!”

‘அண்ணா’ என்ற சொல் அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. சாரத்தில் அப்படியே நின்றான். திரும்பவில்லை. பாவாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்து குரல் வந்தது. இறங்கின குரல்.

“செரி... பாறைய நடுவுல வெய்யி. ரெண்டு பேர்த்துக்கும் பொதுவா இருந்துட்டுப் போவுது.”

 என் மலையை எந்த டிரைவரும் கேள்வி கேட்டதில்லை என்று சொன்னேனே... அன்றைக்கு என் மலையில் நான் போட்ட கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. கோபமும் வரவில்லை.

அப்புறம் வர்ணம் மட்டும் என் வேலை. வெளிச்சுவர் பெயின்டில் கலந்து, சாயங்கால வெயிலை மலை மேல் அடித்தேன். மடிப்பு, பள்ளம், பொதுப் பாறை எல்லாம் வந்தது. முடிக்கிற நேரத்தில் சாரத்திலிருந்து குனிந்து கேட்டேன்.

“மேல முட்டாக்குப் போட்டு உடட்டுங்களா?”

“வேண்டாம் அம்மிணி” என்றார். “தெனமும் மழை வரும்னு எதிர்பாத்துக் கெடக்கறது கஷ்டம்.”

 சுவரில் போட்ட மலை காலையில் நீலமாகாது. மேகம் ஏறாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலைக்குப் பதில் படம் ஆகாது. திரும்பிப் படுக்க ஒரு சாக்கு ஆகும். அவ்வளவுதான். புண் மெல்ல ஆறி வருவதாகப் பாவாயி சொல்கிறாள்.

இப்போது லாரிக்கு மலை போடும்போதும் கை முக்கோணத்துக்குத்தான் ஓடுகிறது. பிடித்து நிறுத்திவிட்டு டிரைவரைக் கேட்கிறேன், “உங்க ஊர்ல எது மலை சாமி?” கெங்கவல்லிக்காரர் ஒருவர், “பச்சமலைங்க” என்று சொல்லிவிட்டு, என் பிரஷ்ஷை வாங்கித் தானே காட்ட ஆரம்பித்துவிட்டார். இனி என் பிழைப்பு இப்படித்தான் ஓடும் போலிருக்கிறது.

ராசுவுக்குத்தான் ஒரு சிக்கல். சுவர் அவனுடையது. ஆனால் அதில் போட்ட மலை அவன் வீட்டிலிருந்து தெரியாது. அண்ணன் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் வர்ணத் திட்டுகள்தான். படுத்திருக்கிறவர் கண்ணுக்குப் போட்டது அல்லவா? சரியாகத் தெரிய வேண்டும் என்றால் உள்ளே போய், கட்டில் பக்கத்தில், தலையைத் தாழ்த்தி உட்கார வேண்டும்.

“மலை பாக்கோணும்னு வாராருங்க்கா. நான் டீ வெக்கற நேரம் பாத்து!” என்று பாவாயி போனில் சலித்துக்கொள்கிறாள்.

சலிப்பெல்லாம் வாயளவில்தான்... பால்காரரிடம் ஒரு டம்ளர் பால் கூடுதலாக ஊற்றச் சொல்லியிருக்கிறாளாம்.